தேடத் தெரியாததா, படிக்கும் பழக்கம் இல்லாததா?

ஏட்டுச்சுவடி:
முதுகலைத் தமிழ் ஆய்வேடுகளில் மேற்கோள்கள் மெலிந்து கிடக்க முதல் காரணம், மாணவர்களுக்கு நூலகப் பட்டியலில் தேடத் தெரியாததுதான். சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோமன் எழுத்துப் பட்டியலில் 'எஸ்' போட்டுத் தேடினால் கொஞ்சம்தான் வரும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தமிழை ரோமன் எழுத்தில் எழுதும் முறையில் சகரத்துக்கு 'சி' (c), தகரத்துக்கு 'டி' (t). அப்படித் தட்டினால்தான் மற்றவை வரும். இது தெரியாதவர் "புத்தகமே இல்லை" என்று எழுந்துவிடுவார்.

கருக்கல்:
அதைச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதுமே. சமர்ப்பிக்கப் பத்து நாள் இருக்கையில் நூலகத்துக்குள் நுழைகிறவரை எந்த உத்தியும் காப்பாற்றாது. நூல் இரவலில் போயிருந்தால் முன்பதிவு செய்து காத்திருக்க வேண்டும். அதற்கு நேரமில்லாதவர் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் முதலில் கண்ணில் படும் ஆய்வேட்டைத் திறந்து, அதன் மேற்கோளை அப்படியே எடுத்துப் போடுவார். அதில் பக்க எண் பிழையென்றால் பிழையும் கூடவே வரும்.

ஏட்டுச்சுவடி:
ஏன் தள்ளிப்போடுகிறார்? மூன்று தடவை வெறுங்கையோடு திரும்பியவர் நான்காம் தடவை வரமாட்டார். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி வகைப்பாட்டில் தமிழ் இலக்கியம் 894.811. சிலம்பின் காலத்தை ஆராய்கிறவருக்குப் பண்டைய இந்திய வரலாறும் வேண்டும். அது 934இல், வேறு அடுக்கில். ஒரே அடுக்கைத் துழாவிவிட்டுப் போகிறவரைச் சோம்பேறி என்பது நியாயமில்லை.

வரப்பு:
இருவரும் குறிப்பெடுப்பதை விட்டுவிட்டீர்கள். வாரம் இரண்டு தடவை, தடவைக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். முதல் 20 நிமிடம் தேடல் மட்டும். தேடிய சொல், எழுத்துக்கூட்டல், தேதி மூன்றையும் எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வாரமும் அதே சொல்லைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். பிறகு ஒரே நூல், அதிலும் துணைநூற்பட்டியல் முதலில். ஓர் அட்டைக்கு ஒரு கருத்து; பதிப்பாண்டும் பக்கமும் எழுதிய பிறகே குறிப்பு. உ.வே.சா. 1892இல் பதிப்பித்த சிலம்பின் பக்க எண் பிந்தைய பதிப்புகளுக்குப் பொருந்தாது. அதனால் காதையும் வரி எண்ணும் கட்டாயம்.

கருக்கல்:
நல்ல முறை. ஆனால் இளங்கலை மூன்று ஆண்டும் தேர்வுக்கு முந்தின வாரம் நோட்ஸை மனப்பாடம் செய்தே தேறியவர் இதை எப்படித் திடீரென்று கடைப்பிடிப்பார்? அந்தத் தேடல் குறிப்பேட்டுக்கு இளங்கலை முதல் பருவத்திலேயே உள்மதிப்பீட்டில் 5 மதிப்பெண் வையுங்கள்.

ஏட்டுச்சுவடி:
வைக்கலாம், தேடக் கற்றுக்கொடுத்த பிறகு. இல்லாவிட்டால் குறிப்பேட்டையும் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துத்தான் எழுதுவார்கள்.