ரீமேப் செய்த 1.8 டர்போ ஆக்டேவியா: ப்ளக் 6-ஆ, 7-ஆ?

நாலாம்_கியர்:
எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2005 ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 லிட்டர் 20 வால்வ் டர்போ பெட்ரோல். கம்பெனி பவர் 150 பிஎஸ். ஸ்டேஜ் 1 ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிப் பவர் கூட்டுவது) முடிந்தால் 190 பக்கம் வரும், பூஸ்ட் (டர்போ தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்) உச்சத்தில் 1 பார் தொடும் என்கிறார் ட்யூனர். ப்ளக்குக்கு மின்சாரம் தரும் நான்கு இக்னிஷன் காயிலும் புதுசு. இப்போது உள்ளே இருப்பது என்ஜிகே பிஎஃப்ஆர்6க்யூ.

ஸ்பேர் கடையில் மூன்று ப்ளக் காட்டினார்கள்: பிகேஆர்7இ, பிகேஆர்7இஐஎக்ஸ் (இரிடியம்), பிகேஆர்6இ-11. ட்யூனர் "7 போடுங்க" என்கிறார். கடைக்காரரோ "இரிடியமா இருந்தா போதும், நம்பர் பார்க்காதீங்க" என்கிறார். தினசரி ஓட்டம் சென்னை டிராஃபிக்கில், மாதம் ஒரு தடவை நெடுஞ்சாலை. எதை வாங்கலாம்?

பழைய_பிஸ்டன்:
தம்பி, இதில் மூன்று கேள்வி கலந்து கிடக்கு. கேப் (பொறி தாண்டும் இடைவெளி) எவ்வளவு, ஹீட் ரேஞ்ச் (முனையின் சூடு இறங்கும் வேகத்தைக் காட்டும் நம்பர்) எது, முனை என்ன உலோகம். மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. கடைக்காரர் மூன்றாவதை மட்டும் சொல்லி முதல் இரண்டை விட்டுவிட்டார். டர்போவுக்கு முக்கியமே அந்த இரண்டுதான்.

முதலில் ப்ளக் மேல் இருக்கும் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பிகேஆர்7இ என்றால்: 14 மி.மீ. மரை, 16 மி.மீ. சாக்கெட், உள்ளே ரெசிஸ்டர் உண்டு ('ஆர்'), ஹீட் ரேஞ்ச் 7, மரை நீளம் 19 மி.மீ. ('இ'). கடைசியில் '-11' இருந்தால் ஃபேக்டரி கேப் 1.1 மி.மீ. பின்னொட்டே இல்லாத பிகேஆர்7இ சுமார் 0.8-இல் வரும். 'ஆர்' இல்லாத ப்ளக்கை இந்த மாதிரி ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) வண்டியில் போடவே கூடாது, மின் இரைச்சல் சென்சார் வரைக்கும் போகும்.

பட்டியலில் இருந்து முதலில் பிகேஆர்6இ-11-ஐ அடித்துவிடுங்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, அதே இடைவெளியைத் தாண்ட பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். டர்போ இல்லாத எஞ்சினில் 1.1 சுகமாக வேலை செய்யும். 1 பார் பூஸ்ட்டில் அதே 1.1-ஐத் தாண்ட முடியாமல் காயில் திணறும். ஐடிலில் பட்டு மாதிரி இருக்கும். நான்காவது கியரில் 3000-க்கு மேல் முழுசாக மிதித்தால் வெட்டி வெட்டி இழுக்கும். மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்று பெட்ரோல் பம்ப் வரை மாற்றிவிடுவார்கள், காரணம் 1.1-க்கும் தேவையான 0.7-க்கும் நடுவில் உள்ள 0.4 மி.மீ.தான்.

"1.1-ஐத் தட்டி 0.7 ஆக்கிக்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். 0.2 மி.மீ.க்கு மேல் வளைக்கக் கூடாது. அதற்கு மேல் போனால் தரை எலக்ட்ரோடு நடு முனைக்கு இணையாக நிற்காது, ஓரத்தில் மட்டும் பொறி விழும்.

என் கணக்கு: பிகேஆர்7இ, கேப் 0.7. இரிடியம் வேண்டாம்.

சூடு_சரியா:
பெரியவர் கேப் பற்றிச் சொன்னதில் மறுப்பே இல்லை. 7-இல்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஹீட் ரேஞ்ச் என்பது பொறியின் பலம் இல்லை. நடுப் பீங்கானின் மூக்கு எவ்வளவு நீளம், அந்தச் சூடு ஹெட்டுக்குள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது, அவ்வளவுதான் விஷயம். மூக்கு குட்டை என்றால் சூடு சீக்கிரம் இறங்கும், அது கோல்டு ப்ளக். என்ஜிகேவில் நம்பர் ஏறினால் கோல்டு. டென்சோவிலும் அப்படித்தான், அங்கே 20, 22, 24 என்று போகும். என்ஜிகே 7-க்கு நிகர் டென்சோ 22. பாஷ் நேர் எதிர், நம்பர் குறைந்தால்தான் கோல்டு. இதைக் கவனிக்காமல் "7-க்கு 7" என்று பாஷ் வாங்கிப் போடுபவர்கள் நிறைய.

முனை சுமார் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 800-ஐத் தாண்டி மேலே போனால் பொறி விழும் முன்பே முனை பற்றவைக்க ஆரம்பிக்கும், பிஸ்டன் போய்விடும். ப்ளக் எப்போதும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

கூடுதலாக 75 முதல் 100 குதிரைசக்திக்கு ஒரு படி கோல்டு என்பது என்ஜிகே சொல்லும் பொது அளவு. இவருக்குக் கூடுவது 40. கிண்டி சிக்னலில் பாதி நேரம் ஐடிலில் நிற்கும் வண்டி. பிகேஆர்6இ, பின்னொட்டு இல்லாதது, 0.7. அது போதும்.

பழைய_பிஸ்டன்:
புத்தகக் கணக்கு சரிதான். ஆனால் அந்த 40 குதிரை எங்கே வருகிறது என்று பாருங்கள். இந்தச் சின்ன டர்போ 3000 சுற்றிலேயே முழு பூஸ்ட் தள்ளும். உச்ச பவரை விட நடு ரேஞ்ச் டார்க்தான் (சுழற்று விசை) எகிறும், சிலிண்டர் அழுத்தமும் அங்கேதான். மே மாதம் 40 டிகிரி வெயிலில் இன்டர்கூலர் (டர்போ காற்றை ஆற்றும் ரேடியேட்டர்) சூட்டில் ஊறிப்போய், ஏசி போட்டு நாலு பேரோடு நெடுஞ்சாலையில் ஓவர்டேக் செய்யும்போது மார்ஜின் வேண்டும். 7-இல் என்ன நஷ்டம்? குறுகிய ஓட்டத்தில் கொஞ்சம் கரி. துடைத்துப் போட்டுக்கொள்ளலாம். 6 சூடானால் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

ஒன்று மட்டும் உண்மை: நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாக வெடித்துத் தட்டுவது) இருந்தால் 7 போட்டு அதை நிறுத்த முடியாது. நாக்கிங் என்பது டைமிங் (பொறி விழும் நேரம்), பெட்ரோல், உள்ளே வரும் காற்றின் சூடு சம்பந்தப்பட்டது. ப்ளக் காரணமாக வருவது முன்கூட்டியே பற்றுவது மட்டும்.

சூடு_சரியா:
ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் தீர்ப்பை ப்ளக்கே சொல்லட்டும். எதைப் போட்டாலும் 1000 கி.மீ. கழித்துக் கழட்டி, தரை எலக்ட்ரோடின் மேல் நிறம் மாறும் கோட்டைப் பாருங்கள். கோடு வளைவுக்கு அருகில் நின்றால் ஹீட் ரேஞ்ச் பொருந்தியிருக்கிறது. மரை வரை இறங்கிவிட்டால் ப்ளக் ரொம்ப ஹாட். நுனியிலேயே நின்றால் ரொம்ப கோல்டு. பீங்கானின் நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பீங்கானில் மிளகுத் தூள் மாதிரி கறுப்புப் புள்ளியோ மினுங்கும் அலுமினியத் துகளோ தெரிந்தால் அன்றே மிதிப்பதை நிறுத்துங்கள், அது நாக்கிங். வெளியே, உலோகத்தை ஒட்டி, வெள்ளைப் பீங்கானில் பழுப்பு வளையம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துகள் மின்புலத்தில் ஒட்டிய கறை. கம்ப்ரஷன் கசிகிறது என்று ஹெட்டைக் கழட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

நாலாம்_கியர்:
நன்றி அண்ணா, நன்றி சார். 7-ஐயே 0.7-இல் போடுகிறேன். இரிடியம் ஏன் வேண்டாம்? மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய_பிஸ்டன்:
இரிடியம் கெட்டதில்லை. மெல்லிய முனை, அதனால் பொறி பாயக் கொஞ்சம் குறைந்த வோல்டேஜ் போதும், நாளும் உழைக்கும். ஆனால் ஐஎக்ஸ் வகையில் இரிடியம் நடு முனையில் மட்டும்தான். எதிர்ப்பக்கம் சாதா நிக்கல். அது தேய்ந்து கேப் விரியத்தான் செய்யும். புது ரீமேப்பில் அடிக்கடி கழட்டிப் பார்க்கப்போகிறீர்கள், அதற்கு மலிவான நிக்கல்தான் வசதி. 10,000 கி.மீ.க்கு ஒருமுறை கேப் பாருங்கள், 20,000-இல் மாற்றிவிடுங்கள். எல்லாம் படிந்த பிறகு இரிடியத்துக்குப் போகலாம். அப்போது கேப்பை நாணயம் மாதிரி வட்டக் கேஜை நுழைத்துத் திருகி அளக்காதீர்கள், முனை உடைந்துவிடும்.

மாட்டுவது: எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், ஹெட் அலுமினியம். காயிலை எடுத்ததும் குழிக்குள் காற்றடித்துத் தூசியை வெளியேற்றிய பிறகே ப்ளக்கைத் தொடுங்கள். குழியில் ஆயில் நின்றால் வால்வ் கவர் கேஸ்கெட் போயிருக்கிறது, அதை முதலில் பாருங்கள். ஊறிய ரப்பர் பூட் வழியாகக் கரண்ட் பக்கவாட்டில் ஓடும், பீங்கானில் நெட்டுக்குத்தாகக் கறுப்புக் கோடு விழும். புது ப்ளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் ஹோஸைச் செருகி விரலால் திருகி இறக்குங்கள். மரை கோணலாக ஏறினால் ஹோஸ் வழுக்கிவிடும், ஹெட் தப்பும். பிறகு டார்க் ரெஞ்ச், 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். ரெஞ்ச் இல்லையென்றால் வாஷர் தொட்டபின் அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு வரை. மரையில் கிரீஸோ ஆன்டி-சீஸோ (மரை இறுகி ஒட்டாமலிருக்கப் பூசும் பசை) பூச வேண்டாம். வழுக்கலில் அதே அளவு காட்டும்போதே ப்ளக் கூடுதலாக இறுகிவிடும்.

சூடு_சரியா:
விசிடிஎஸ் (ஈசியூவைப் படிக்கும் மென்பொருள்) வைத்திருந்தால் ரீமேப்புக்குப் பிறகு மூன்றாவது கியரில் 2500-லிருந்து 6000 வரை ஒரு இழுப்பு இழுத்து லாக் (அளவுகளின் பதிவு) எடுங்கள். அதில் அளவீட்டுப் பிளாக் 020-இல் சிலிண்டர்வாரியாக டைமிங் பின்வாங்குவது தெரியும். 015, 016-இல் மிஸ்ஸிங் எண்ணிக்கை. ஒரே சிலிண்டரில் எண்ணிக்கை ஏறினால் அந்தக் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். எண்ணிக்கையும் கூடவே நகர்ந்தால் காயில், நகராவிட்டால் ப்ளக் அல்லது இன்ஜெக்டர். செக் லைட் மினுங்கினால் உடனே காலை எடுங்கள், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை உருக்கிவிடும்.

வாங்கும்போது: போலி என்ஜிகே நிறைய புழங்குகிறது. அசலில் வாஷர் லேசில் கழண்டு வராது. விரலால் திருகினாலே கையோடு வந்தால் அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.