வாசகர் வட்டத்திற்குப் பிரதிகள் திரட்டுவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊரான மண்டபம் பகுதியில் உள்ள எங்கள் கிளை நூலகத்தில், பெரியவர்களுக்கான வாசகர் வட்டம் ஒன்றை மாதம் ஒருமுறை நடத்தி வருகிறோம். ஒரு நூலை எல்லோரும் முன்பே வாசித்துவிட்டு வந்து பேச வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் நூலகத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. அது கைமாறிக் கைமாறி, உப்புக் காற்றில் அட்டை நெளிந்து, கடைசி ஆளிடம் போய்ச் சேருவதற்குள் கூட்ட நாள் வந்துவிடுகிறது.

நாள் குறிப்பதும் எளிதாக இல்லை. இங்கே விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகின்றன. பாசி எடுக்கும் பெண்களோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடலில் இறங்கிவிடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் ஆண்கள் நிறையப் பேர் வருகிறார்கள். கதையில் ஒரு புயல் வந்தால், 1964ஆம் ஆண்டு தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றிப் பெற்றோர் சொல்லக் கேட்டவர்கள் அதை எடுத்துப் பேசும் விதம், எந்த விமர்சனக் கட்டுரையிலும் கிடைக்காதது. அதனாலேயே இந்த வட்டம் நின்றுவிடக் கூடாது என்று விரும்புகிறேன்.

உங்கள் ஊர்களில் ஒரே நூலின் பல பிரதிகளை எப்படித் திரட்டுகிறீர்கள்? மாவட்ட மைய நூலகத்தின் வழியாகப் பிற கிளைகளிலிருந்து பெற்றவர்கள் இருந்தால், எவ்வாறு விண்ணப்பித்தீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். நாவலுக்குப் பதிலாக ஒரு சிறுகதையைக் கூட்டத்திலேயே உரக்க வாசித்துப் பேசினால், வாசிப்பில் வேகமில்லாதவர்களும் தயங்காமல் சேர்ந்துகொள்வார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது; அப்படி நடத்தியவர்கள் வாசிப்புக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினீர்கள் என்பதையும், அதற்கேற்ற கடலோரக் கதைகளின் பெயர்களையும் எழுதினால் பெரிதும் உதவும்.