டென்ட் அடுப்பு வாங்கியாச்சா? இப்போது விறகைப் பாருங்கள்

குளிர் நாட்டுக்கு வந்த புதிதில் கூடாரத்தில் தங்க ஆசைப்படுபவர்கள், அதற்குள் வைத்து விறகு எரிக்கும் சிறிய அடுப்பைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். விறகை மட்டும் கடைசி நேரத்துக்கு விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், கவலைப்பட வேண்டியது விறகைப் பற்றித்தான்.

இந்த அடுப்புகளின் புகைபோக்கி குறுகலானது. ஈர விறகு சரியாக எரியாமல் புகைந்தால் குழாயின் உள்ளேயும், உச்சியில் தீப்பொறியைத் தடுக்கும் வலையிலும் தார் படியும். வலை அடைத்துக்கொண்டால் புகை டென்டுக்குள் திரும்பும். கூடவே வாசனையே இல்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கான அலாரம் இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்கவே வேண்டாம்.

விறகின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரப்பதம் அளக்கும் மீட்டர் இருந்தால் கட்டையின் முனையில் குத்தாதீர்கள்; பிளந்து, புதிதாகத் தெரியும் உள்பக்கத்தில் குத்திப் பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் இரண்டு துண்டுகளைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரமானது மந்தமாகக் கேட்கும். முனையில் விரிசல் விட்டிருப்பதும் பட்டை தானாகக் கழல்வதும் நல்ல அடையாளம்.

அப்புறம் அளவு. கடையில் விற்கும் கட்டை பெரும்பாலும் வீட்டு அடுப்புக்கு வெட்டியது, இதற்குள் நுழையாது. அடுப்பின் உள்நீளத்தை அளந்து, அதைவிடச் சில சென்டிமீட்டர் குறைவாக அறுங்கள். பற்றவைக்க விரல் தடிமனில் பைன் சிராய் நிறைய வேண்டும். நின்று எரிய, மணிக்கட்டுக்கு மேல் தடிமன் போகாத ஓக் அல்லது பிர்ச் மரத் துண்டுகள். பிர்ச் பட்டை ஈரத்தை வெளியே விடாது. அதனால் உருளையாகவே வைத்தால் உள்ளே உளுத்துப்போகும், உடனே பிளந்துவிடுங்கள். உரித்த பட்டையை வீசாதீர்கள், தீமூட்ட அதைப்போல் வேறில்லை.

அடுக்கும்போது தரையில் படாமல் கட்டைகளின் மேல் வையுங்கள். மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்கு விட வேண்டும். தார்ப்பாயால் முழுக்கச் சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பச்சை விறகு காய ஆறு மாதமாவது ஆகும். ஓக்குக்கு இரண்டு வருடமும் ஆகலாம்.

புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாத ஒன்று: பல நாடுகளில் விறகைத் தொலைவுக்கு எடுத்துச் செல்லக் கட்டுப்பாடு உண்டு. பட்டைக்குள் இருக்கும் பூச்சிகள் புதிய காடுகளுக்குப் பரவி மரங்களை அழித்துவிடும். தூரப் பயணம் என்றால் சூளையில் உலர்த்திய விறகு மூட்டையை அங்கேயே வாங்கிச் சிறிதாகப் பிளந்துகொள்ளுங்கள். பூங்காக்களில் சுள்ளி பொறுக்கவும் தடை இருக்கலாம், முன்பே விசாரியுங்கள். பெயின்ட் அடித்த பலகை, மருந்தேற்றிய மரம் எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது.

டென்டுக்குள் ஒரு இரவுக்கான விறகு போதும். அதையும் அடுப்பில் சாய்த்துக் காய வைக்காமல், வாசல் பக்கமாகத் தள்ளி வையுங்கள்.