1843-க்கு முன்னாடி இங்கிலாந்தில் உண்மை சொன்னாலும் ஜெயிலா?

ஏட்டுச்சுரை:
பக்கத்துத் திரியில் 'பழைய பேப்பர்' போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: 1843-ல் கேம்பெல் பிரபு சட்டம் வரும்வரை இங்கிலாந்தில் அவதூறு வழக்கில் உண்மையை நிரூபித்தாலும் தப்ப முடியாதாம். இதற்கு லைக் வேறு குவிகிறது. சிவில் வழக்கில் உண்மை அதற்கு முன்பே முழுத் தற்காப்பு. தனக்கில்லாத நல்ல பெயருக்கு எவனும் நஷ்டஈடு கேட்க முடியாது. 1843 சட்டத்தின் 6-வது பிரிவு உண்மையைத் தற்காப்பாக்கியது கிரிமினல் வழக்கில் மட்டும்.

பழைய பேப்பர்:
வந்துட்டாருய்யா வாத்தியார். அவதூறு வழக்குன்னுதானே எழுதினேன்? ஜெயில்ல கிடந்தவனுக்கு சிவில் என்ன, கிரிமினல் என்ன? செத்துப்போன ஆர்ச்பிஷப் விட்கிஃப்ட் மேல வசைப்பாட்டுக் கட்டின பிக்கரிங் வழக்குல, 1605-லயே ஸ்டார் சேம்பர்ங்கிற ராஜாவோட தனி நீதிமன்றம் சொல்லிடுச்சு: எழுதினது உண்மையா பொய்யான்னு பார்க்கவே தேவையில்லைன்னு. 1843 வரைக்கும் அதுதான் நிலைமை.

ஏட்டுச்சுரை:
ஸ்டார் சேம்பரை 1641-லேயே மூடியாயிற்று. அதன் விதியை மற்ற நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டது கிரிமினல் பக்கம். அங்கே கவலை ஒருவர் பெயர் கெட்டதைப் பற்றி அல்ல, ஊரில் வெட்டுக்குத்து வருமா என்பதைப் பற்றி. உண்மையைச் சொன்னால் ரோஷம் இன்னும் ஏறும், அதனால் அது தற்காப்பு ஆகாது. சிவிலில் இந்த நியாயத்துக்கே இடமில்லை. 1744 அண்டர்வுட் எதிர் பார்க்ஸ் படியுங்கள். உண்மை என்று வாதாட வேண்டுமானால் முன்கூட்டியே எழுத்தில், தனி எதிர்வாதமாக வைக்க வேண்டும். வெறுமனே மறுத்துவிட்டு விசாரணையன்று சாட்சியைக் கூட்டிவந்தால் எடுபடாது. இல்லாத தற்காப்புக்கு எதற்கய்யா நடைமுறை விதி?

பழைய பேப்பர்:
அண்டர்வுட் வாய்ப்பேச்சு வழக்கு. நான் சொன்னது எழுத்து. தேடிப்பிடிச்சு ஒரு கேஸ் கொண்டுவந்தாரு, அதுவும் வேற கேஸ். 1843.

ஏட்டுச்சுரை:
அந்த விதி சிவிலில் எழுத்துக்கும் பேச்சுக்கும் ஒன்றுதான்.

மூணாம் பெஞ்ச்:
1792 ஃபாக்ஸ் சட்டத்துலயே எல்லாம் ஜூரி கைக்கு வந்தாச்சே? அப்புறம் 1843 எதுக்கு?

பழைய பேப்பர்:
அதுக்கு முன்னாடி ஜூரி பார்த்தது ரெண்டே ரெண்டு: வெளியிட்டது இவன்தானா, எழுதினது யாரைக் குறிக்குது. அவதூறா இல்லையான்னு ஜட்ஜ்தான் முடிவு பண்ணுவார். ஃபாக்ஸ் சட்டம் அதையும் ஜூரிகிட்ட கொடுத்துச்சு. உண்மையைப் பத்தி அதுல ஒரு வார்த்தை கிடையாது. எக்ஸாமினர் பத்திரிகையில இளவரசரைத் திட்டினதுக்கு 1813-ல் லீ ஹன்ட்டுக்கும் அண்ணன் ஜானுக்கும் ஆளுக்கு ரெண்டு வருஷம் ஜெயில், 500 பவுண்டு அபராதம். ஃபாக்ஸ் வந்து காப்பாத்தினாரா?

ஏட்டுச்சுரை:
அதுவும் கிரிமினல். என் பக்கம் சாட்சி சொன்னதற்கு நன்றி. இன்னொன்று: கிரிமினலிலேயே கூட உண்மை அன்று அறவே செல்லாக்காசாக இருக்கவில்லை. தனிமனிதர் கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தில் நேரடியாகக் கிரிமினல் வழக்குத் தொடுக்கும் 'குற்றத் தகவல்' மனு போட அனுமதி கேட்டால், எழுதியது பொய் என்று முதலில் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டியிருந்தது.

பழைய பேப்பர்:
அரசாங்க வக்கீல் அட்டர்னி ஜெனரல் தானா போட்டா அந்தப் பிரமாணம் தேவைப்படலை. ஹன்ட் மேல போட்டது யாரு? அதை மட்டும் வசதியா முழுங்கிடுவீங்களே.

கலங்கரை:
இவ்வளவு ஏன்? 1895-ல் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு அவதூறு வழக்குப் போட்டார், குயின்ஸ்பெரி பிரபு தான் எழுதினது உண்மைன்னு நிரூபிச்சார், வெளியே வந்தார். சிம்பிள்.

ஏட்டுச்சுரை:
சிம்பிளா? அது கிரிமினல் வழக்கு, உண்மை மட்டும் போதாது. வெளியிட்டது பொது நன்மைக்கு என்றும் காட்ட வேண்டியிருந்தது, எப்படி நன்மை என்று விவரங்களோடு எதிர்வாதத்தில் எழுத வேண்டியிருந்தது. அதை வைத்துத் தோற்றால், அப்படி வாதாடியதையே குற்றத்தைக் கூட்டும் அம்சமாக நீதிபதி எடுத்துக்கொள்ள முடிந்தது. தண்டனை அந்த 1843 சட்டத்தின் 5-வது பிரிவில் ஒரு வருடம் வரை, பொய் என்று தெரிந்தே எழுதியிருந்தால் 4-வது பிரிவில் இரண்டு வருடம். பிப்ரவரி 18 அன்று குயின்ஸ்பெரி ஆல்பமார்ல் கிளப் வாயிற்காவலரிடம் கொடுத்த ஒற்றைச் சீட்டுக்கு இவ்வளவும். கிரிமினலில் சீட்டு சம்பந்தப்பட்டவர் கைக்குப் போனாலே அன்று போதுமாக இருந்தது, சிவிலில் மூன்றாம் ஆள் பார்த்திருக்க வேண்டும்.

மூணாம் பெஞ்ச்:
நம்ம இந்திய தண்டனைச் சட்டம் 499-ம் அப்படித்தானே? உண்மை, கூடவே பொது நன்மை.

பழைய பேப்பர்:
அது 1860, இப்ப பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 356. அதுக்குத் தனித் திரி போடுங்க தம்பி. நீங்க உள்ளே வந்தாலே திரி திசைமாறும், மாக்னா கார்ட்டா திரியும் அப்படித்தான் நாசமாச்சு.

மூணாம் பெஞ்ச்:
அந்தத் திரியில 39-வது பிரிவைத் தப்பாச் சொன்னது நான் இல்லையே. யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.

பழைய பேப்பர்:
அதையே எத்தனை வருஷம் தோண்டுவீங்க? தன்னைத் திட்டி 1830-ல் வந்த இதழை 17 வருஷம் கழிச்சு வேலைக்காரனை அனுப்பி ஒரு பிரதி வாங்கவெச்சு வழக்குப் போட்டாரே பிரன்ஸ்விக் டியூக், அவர் வாரிசா நீங்க?

ஏட்டுச்சுரை:
டியூக் ஜெயித்தார், 500 பவுண்டு நஷ்டஈட்டோடு. வழக்குப் போட அன்று காலக்கெடு ஆறு வருடம்தான், ஆனால் அந்த ஒரு பிரதி விற்றதே புது வெளியீடு என்று 1849-ல் தீர்ப்பு. 2013 அவதூறுச் சட்டத்தின் 8-வது பிரிவுதான் அந்த வாசலை அடைத்தது. இப்போது முதல் வெளியீட்டிலிருந்து ஒரு வருடம். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை: 1843 சட்டம் சிவிலில் உண்மையைத் தொட்டதா, ஆமாவா இல்லையா?

பழைய பேப்பர்:
அதே சட்டம் 2-வது பிரிவுல பத்திரிகைக்காரன் மன்னிப்பு கேட்டு, பணம் கட்டினா சிவில் வழக்குலயே தற்காப்புன்னு இருக்கு. தொடவே இல்லைன்னு யாரு சொன்னது?

ஏட்டுச்சுரை:
கேட்டது உண்மையைப் பற்றி, மன்னிப்பைப் பற்றி இல்லை!

பழைய பேப்பர்:
1843. மாத்த மாட்டேன்.