முன்பக்க ஸ்டெபிலைசர் ராடைக் கழற்றிவிடலாமா? லிங்க் நட்டு துருவேறிக் கிடக்கு

தங்கச்சிமடம்:
வண்டி மஹிந்திரா தார், 2021 மாடல், ஃபோர் வீல். குழியில் இறங்கினால் முன்பக்கம் இடது சக்கரத்தில் 'டக் டக்' சத்தம். சமமான ரோட்டில் ஒன்றும் இல்லை. ஸ்டெபிலைசர் ராடைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க்கைக் கழற்றப் பார்த்தால் நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் (லிங்க்கின் மரை போட்ட தண்டு) சுற்றுகிறது. வண்டி வாரம் இரண்டு தடவை மணலில் இறங்கும். ராடையே எடுத்துவிட்டால் சத்தமும் போகும், மணலில் சக்கரமும் தாராளமாக ஏறி இறங்கும் என்கிறார் மெக்கானிக். எடுக்கலாமா அண்ணே?

கீழக்கரை:
எடுக்காதீங்க தம்பி. சத்தம் போடுவது ராடு இல்லை, லிங்க். ராடு, வளைவில் வண்டி அதிகம் சாயாமல் இடது வலது சக்கரங்களை இணைத்து முறுக்கு தாங்கும் கம்பி, அவ்வளவு லேசில் தேயாது. தேய்வது லிங்க்கின் பால் ஜாயின்டும் (முனையில் உள்ள குண்டு மூட்டு), ராடைச் சேஸியோடு பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷும். பால் ஜாயின்டின் ரப்பர் உறை கிழிந்தால் மணலும் உப்புத் தண்ணியும் உள்ளே போய் கிரீஸைக் கெடுத்துவிடும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, லிங்க்கைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்க. லொடலொடன்னு ஆடினால் அதுதான்.

மணல் விஷயம்: இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கும்போது ராடுக்கு வேலையே இல்லை. ஒன்று ஏறி மற்றது இறங்கும்போதுதான் முறுக்கேறும். தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கம் வண்டி புதைவது டயரில் காற்று அதிகமாக இருப்பதால். 16 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்குங்க, ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஏற்றிடுங்க. தாரில் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். சக்கரம் எவ்வளவு கீழே தொங்கும் என்பதை ஷாக் அப்சார்பரின் நீளமே கட்டிப்போடும், ராடை எடுத்தாலும் பெரிதாகக் கிடைக்காது.

இழப்புதான் பெரிசு. பின்பக்க ராடு இருக்க முன்பக்கத்தை மட்டும் எடுத்தால், வேகமாக வளைவெடுக்கும்போது பின்பக்கம் வெளியே வீசும். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் பாம்பன் ரோட்டுப் பாலத்தில் 2 கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டுக் காற்று. உயரமான இந்த வண்டியை அங்கே ராடு இல்லாமல் ஓட்டவே கூடாது.

மண்டபம்:
மேலே சொன்னது சரி. லிங்க்கை மாற்றிவிடுங்க, இரண்டு பக்கமும் ஜோடியாக. ஒன்று போனால் மற்றதும் அதே உப்பில்தான் கிடந்திருக்கு.

முந்தின நாள் சாயங்காலமே மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து துரு இளக்கும் எண்ணெய் அடிங்க, காலையில் இன்னொரு தடவை. வண்டியின் முன்பக்கம் முழுதையும் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைங்க. ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ராடு முறுக்கேறி, லிங்க் கழன்றதும் கையில் வந்து அடிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி கீழே படுக்க வேண்டாம். ஸ்டட் முனையில் ஆலன் கீ பள்ளம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நட்டை ரிங் ஸ்பேனரால் திருப்புங்க. பள்ளம் உப்பில் கரைந்து போயிருந்தால் போராடாதீங்க, எப்படியும் புது லிங்க் போடப்போறீங்க. கிரைண்டரால் நட்டை நெடுக்காக வெட்டி உளியால் பிளந்துவிடலாம். அதற்கு முன் பிரேக் ஹோஸை ஈரச்சாக்கால் மூடுங்க. கேஸ் கட்டிங் வேண்டாம், பக்கத்து ரப்பர் எல்லாம் கருகும்.

பழைய லாக் நட்டைத் திரும்பப் போடாதீங்க. புஷ்ஷும் மாற்றினால் சிலிக்கான் கிரீஸ் மட்டும். சாதா கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிவிடும். புஷ் கிளாம்பு போல்ட்டை வண்டி தரையில் நின்ற பிறகு, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள டார்க்குக்கு (இறுக்க வேண்டிய அளவுக்கு) இறுக்குங்க.

தங்கச்சிமடம்:
ரொம்ப நன்றி. லிங்க் வர இரண்டு நாள் ஆகுமாம். அதுவரை இடது லிங்க்கை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டலாமா?

மண்டபம்:
ஒன்றை மட்டும் எடுக்காதீங்க. ராடு வேலை செய்யாது, ஆனால் கழன்ற முனை வலது சக்கரத்தோடு சேர்ந்து ஆடி பிரேக் ஹோஸையோ டயரையோ உரசும். இரண்டையும் எடுத்து, ராடின் இரு முனைகளையும் சேஸியோடு கட்டுங்க, சஸ்பென்ஷன் ஆர்மோடு இல்லை. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி உரசுதான்னு பாருங்க. 40-க்கு மேல் போகவேண்டாம், கேரியரில் பாரம் ஏற்றவேண்டாம், பாலம் தாண்டவும் வேண்டாம்.

கீழக்கரை:
மணலில் இருந்து வந்த அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணியில் கழுவுங்க. உப்புக்கரிக்கிற போர் தண்ணியில் கழுவினால் பிரயோஜனம் இல்லை. அப்புறம், தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை முட்டையிடும் காலம், அப்போது கரை மணலில் வண்டியை இறக்காதீங்க தம்பி. டயர் ஏறினால் உள்ளே இருக்கிற முட்டை தெரியாமலே நசுங்கும்.