கயலின் இங்கிலீஷ் மிஸ் கொடுத்தனுப்பிய இரண்டு பக்கம்

குழு: ஆச்சி வீடு, பாளையங்கோட்டை

வெள்ளிக்கிழமை

தேவி, மாலை 6:48
[படம்] [படம்]
அமுதா, கயலுடைய இங்கிலீஷ் மிஸ் இதைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். பிளஸ் ஒன் வகுப்பில் எப்படி நடந்துகொள்ள வேண்டும், என்னென்ன செய்ய வேண்டும் என்று இரண்டு பக்கம். திங்கட்கிழமைக்குள் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டுமாம். உன் அண்ணன் படித்துவிட்டுப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நீயே கேள்.

அமுதா, மாலை 6:55
மதினி, இரண்டாம் பக்கம் மங்கலாக இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று கயலையே சொல்லச் சொல்லுங்கள்.

தேவி, மாலை 7:10
அத்தை, நான் கயல். அம்மா போனில் இருந்து அனுப்புகிறேன். இரண்டு நோட்டு போட வேண்டும். ஒன்று பாடத்துக்கு. இன்னொன்றில் தினமும் அரைப் பக்கம் நாமாக இங்கிலீஷில் எழுத வேண்டும், என்ன வேண்டுமானாலும். கைடு வகுப்புக்குள் வரக் கூடாது. போனில் ஏ.ஐ.யிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் திட்ட மாட்டார்களாம், ஆனால் மிஸ் பக்கத்தில் உட்கார்ந்து அதே கட்டுரையை மறுபடி எழுத வேண்டும். நோட்டு தரத் தாமதமாகும் என்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், இரண்டு நாள் தருவார்கள். சொல்லாமல் விட்டால் வாங்க மாட்டார்கள். புரியவில்லை என்றால் தமிழில் கேட்கலாம், ஆனால் கேட்காமல் இருக்கக் கூடாது. கடைசியில் ஒன்று இருக்கிறது, அதை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வகுப்பில் யார் தப்பாகப் படித்தாலும் தப்பாகப் பேசினாலும் யாரும் சிரிக்கக் கூடாது.

கண்ணன், மாலை 7:22
அமுதா, நான் மிஸ்ஸைக் குறை சொல்லவில்லை. ஆனால் கைடு வேண்டாம் என்றால் எப்படி? ஜங்ஷனில் அலைந்து புதுக் கைடு வாங்கி, அட்டையும் போட்டு வைத்திருக்கிறேன். இவள் பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். இப்போதுதான் இங்கிலீஷ் மீடியத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கிறாள். நாமாக எழுது என்றால் பிள்ளை எதை எழுதும்? அதுவும் போக, பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வையே எடுத்துவிட்டார்கள். அப்புறம் எதற்கு இத்தனை கெடுபிடி?

பிரபு, மாலை 7:31
சித்தப்பா, இங்கே டெக்சாஸில் இது வழக்கமான ஒன்று. பையன் ஒன்பதாம் வகுப்பு போனதும் ஒவ்வொரு ஆசிரியரும் இப்படி ஒரு தாள் கொடுத்தனுப்பினார்கள். மதிப்பெண் எதற்கு எவ்வளவு, தாமதமானால் எவ்வளவு குறையும், அடுத்தவர் எழுத்தை எடுத்தால் என்ன ஆகும், எல்லாம் முதல் வாரமே தெரிந்துவிடும். நானும் கையெழுத்துப் போட்டேன்.

கண்ணன், மாலை 7:33
அங்கே பிள்ளைகள் இங்கிலீஷிலேயே வளர்கிறார்கள் பிரபு. நம் கயல் அப்படியா?

அமுதா, இரவு 8:05
அண்ணே, இப்போதுதான் சமையலை முடித்தேன். நான் 14 வருடமாக இதே வகுப்புக்குத்தான் பாடம் எடுக்கிறேன், கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

பிளஸ் டூ இங்கிலீஷில் எழுத்துத் தேர்வுக்கு 90. பள்ளியில் போடுகிற அகமதிப்பீடு 10, அதில் வருகைக்கே 2 போகிறது. அந்த 90-இல் ஒரு மதிப்பெண் கேள்விகள் 20, இரண்டு மதிப்பெண் 7, மூன்று மதிப்பெண் 7, ஐந்து மதிப்பெண் 7. இப்போது அந்த ஐந்து மதிப்பெண் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உரைநடை, செய்யுள், துணைப்பாடம் என்று மூன்றுதான் புத்தகத்தில் இருந்து வரும். மீதி நான்கு? குறிப்பெடுத்தல் அல்லது சுருக்கி எழுதுதல், கடிதம் அல்லது பொதுக் கட்டுரை, பிழை திருத்தம், முன்பின் பார்க்காத ஒரு பத்தியைப் படித்துப் பதில் எழுதுவது. இந்த நான்கில் எதையுமே கைடைப் பார்த்து உருப்போட முடியாது அண்ணே. அதிலேயே 20 மதிப்பெண் இருக்கிறது. மூன்று மதிப்பெண்ணில் உரையாடல் எழுதச் சொல்வார்கள், ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று எழுதச் சொல்வார்கள். அதுவும் இவளாகத்தான் எழுத வேண்டும்.

கண்ணன், இரவு 8:12
புத்தகத்தில் இருந்து வருகிற அந்த மூன்று கேள்விக்காவது பதில் கைடில் இருந்து வரட்டுமே.

அமுதா, இரவு 8:20
விடைத்தாள் திருத்தப் போன இடத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பிள்ளை ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. முத்து முத்தான கையெழுத்து. முதல் வரியில் இருந்து கடைசி வரை ஒரு பிழை இல்லை. ஆனால் கேட்டிருந்தது வேறு பாடம். இந்தப் பிள்ளை உருப்போட்டிருந்தது வேறு பாடம். கேள்வியில் இருந்த ஒரு சொல் புரிந்திருந்தால் போதும், மாற்றி எழுதியிருக்கும். மேலே இருந்து கீழே வரை இரண்டு தடவை படித்தேன், எங்கேயாவது அரை மதிப்பெண் போட முடியுமா என்று. முடியவில்லை. அன்று மதியம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லாததுதான் நல்லது என்கிறேன். பயமில்லாமல் தப்புத் தப்பாக எழுதிப் பழக ஒரு முழு வருடம் கிடைத்திருக்கிறது. அந்த மிஸ் அதை வீணாக்காமல் பிடித்துக்கொண்டார். வகுப்பில் எத்தனை பேர் கயல்?

தேவி, இரவு 8:24
58 பேர் அத்தை.

அமுதா, இரவு 8:27
தினமும் 58 நோட்டு, ஆளுக்கு அரைப் பக்கம். யாரும் அந்த மிஸ்ஸை இதைச் செய்யச் சொல்லவில்லை. கைடைப் பார்த்து எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு அவரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். செய்கிறேன் என்று தானாக இழுத்துப் போட்டுக்கொள்கிறார். அதற்கு நம்மிடம் கேட்பது ஒரு கையெழுத்து.

தேவி, இரவு 8:31
இப்போது நான், தேவி. இன்னொன்றும் நடந்தது அமுதா. நேற்று இவள் எழுதி வைத்திருந்த அரைப் பக்கத்தை உன் அண்ணன் சிவப்புப் பேனாவால் திருத்திவிட்டார். பிள்ளை அழுதுவிட்டது.

கண்ணன், இரவு 8:33
தப்பாக எழுதி எடுத்துக்கொண்டு போகட்டும் என்று விட முடியுமா?

அமுதா, இரவு 8:34
கயல், என்ன எழுதியிருந்தாய்?

தேவி, இரவு 8:41
முதல் பாடம் ஒரு பாட்டியைப் பற்றியது அத்தை. அதனால் இந்த வாரம் வீட்டில் இருக்கிற பெரியவர்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் ஆச்சியைப் பற்றி எழுதினேன். "மை ஆச்சி இஸ் வேக் அப் ஃபோர் ஓ கிளாக். ஷீ புட் கோலம். ஷீ டாக் வித் த கிரோ." அப்பா எல்லாவற்றையும் அடித்துவிட்டு மேலே வேறு எழுதிவிட்டார்கள். காக்கா வரியை முழுசாக எடுத்துவிட்டார்கள்.

அமுதா, இரவு 8:50
அண்ணே, அந்தக் காக்கா வரி எந்தக் கைடிலாவது இருக்கிறதா? அம்மா காக்காவுக்குச் சோறு வைத்துவிட்டு அதோடு பேசுவதை இந்த உலகத்தில் கயலால் மட்டும்தான் எழுத முடியும். 'இஸ்' தேவையில்லை, 'ஃபோர்' என்பதற்கு முன்னால் ஒரு 'அட்' வேண்டும், 'வேக்', 'புட்', 'டாக்' மூன்றிலும் ஒரு 'எஸ்' வேண்டும். அவ்வளவுதான். மிஸ் அந்த 'எஸ்'ஸை மட்டும் வட்டம் போட்டிருப்பார். நானும் அப்படித்தான் செய்வேன், ஒரு வாரத்துக்கு ஒரு பிழை. எல்லாவற்றையும் ஒரே நாளில் சிவப்பாக்கினால் மறுநாள் பிள்ளை இரண்டே வரி எழுதும், அதுவும் தப்பே வராத வரியாகப் பார்த்து எழுதும்.

வீட்டில் திருத்தாதீர்கள். உட்கார்ந்து படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், போதும்.

சோமு, இரவு 9:16
நான் இதுவரை எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். மெதுவாகத்தான் டைப் அடிக்க வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1977. நான் பி.யூ.சி. சேர்ந்தேன், பிளஸ் டூ வருவதற்கு முன்னால் கல்லூரியில் இருந்த ஒரு வருடப் படிப்பு. அதுவரை எல்லாம் தமிழில் படித்தவன். வகுப்பில் எழுந்து ஒரு பத்தி படிக்கச் சொன்னார்கள். அதில் ரிசீட் என்ற சொல். நடுவில் 'பி' எழுத்து இருக்கிறதே என்று ரிசிப்ட் என்று படித்தேன். வகுப்பே சிரித்தது. நடத்திக்கொண்டிருந்தவரும் சிரித்தார். அதற்கப்புறம் அந்த வருடம் முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. இங்கிலீஷில் தேறவும் இல்லை. அக்டோபரில் எழுதித்தான் பாஸ் செய்தேன்.

பிறகு வேலை தபால் ஆபீசில். கவுண்டரில் நாளெல்லாம் நான் எழுதிக் கொடுத்தது அந்த ரிசீட்தான். ஒவ்வொரு தடவையும் அந்த வகுப்பு ஞாபகம் வரும். இன்ஸ்பெக்ஷனுக்கு மேலதிகாரி வந்து இங்கிலீஷில் கேட்டால், பதில் தெரிந்தாலும் பக்கத்தில் இருப்பவரைப் பேச விடுவேன். இப்படியே ரிட்டையர் ஆகிவிட்டேன்.

பிரபு, இரவு 9:19
அப்பா, இதை நீங்கள் எங்களிடம் சொன்னதே இல்லையே.

சோமு, இரவு 9:24
என்னத்தைச் சொல்ல.
கண்ணா, அந்தத் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறதே, அந்த ஒரு வரிக்காகவே கையெழுத்துப் போடு.

அமுதா, இரவு 9:30
அண்ணாச்சி 🙏

கண்ணன், இரவு 9:52
[படம்]
போட்டுவிட்டேன். கைடு அலமாரிக்கு மேலே போய்விட்டது. காலாண்டுக்கு முன்னால் எடுக்கலாமா அமுதா?

அமுதா, இரவு 9:55
தாராளமாக எடுக்கலாம். ஆனால் முதலில் அவளே ஒரு பதில் எழுதட்டும். அதற்கப்புறம் கைடைத் திறந்து, தான் விட்டது என்ன என்று பார்க்கட்டும். ஒரு மதிப்பெண் கேள்விக்கான எதிர்ச்சொல், ஒத்த சொல் பயிற்சிக்கும் கைடு உதவும்.

தேவி, இரவு 9:58
நான் கயல், அத்தை. காக்கா வரியை மறுபடி எழுதிவிட்டேன். இன்னும் நான்கு வரி வேண்டும். ஆச்சி எந்த வகுப்பு வரை படித்தார்கள், யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதலாம் என்று பார்த்தால், ஆச்சி பெரியப்பா வீட்டில் இருக்கிறார்கள்.

சோமு, இரவு 10:01
ஆச்சி இன்னும் தூங்கவில்லை ஏட்டி. இங்கேதான் பக்கத்தில் இருக்கிறாள். பேசச் சொல்கிறேன்.

சோமு, இரவு 10:07
[குரல் பதிவு, 2:14]

தேவி, இரவு 10:15
பெரியப்பா, ஆச்சி நாலாம் வகுப்பு வரை போனார்களா! சிலேட்டைக் கோவை இலை வைத்துத் துடைப்பார்களாம். கோவை இலைக்கு இங்கிலீஷில் என்ன அத்தை?

அமுதா, இரவு 10:17
கோவை இலை என்றே எழுது. அது என்ன இலை என்று அடுத்த வரியில் நீயே இங்கிலீஷில் சொல்.