உதவி: பிள்ளைகள் ஏற்றிய நூலகப் பட்டியல் முழுக்கக் கேள்விக்குறியாகிவிட்டது (அவசரம்)

ஐந்தாம் வகுப்பு டீச்சர் | புதன், மாலை 6.10

வணக்கம். எங்கள் தொடக்கப் பள்ளியின் நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு வாரமாக நூலகப் புத்தகங்களைக் கணினியில் ஏற்றி வந்தார்கள். இன்று பட்டியலைத் திறந்தால் தமிழ் இருந்த இடமெல்லாம் ஒரே கேள்விக்குறி. எண்கள் மட்டும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அன்று பிள்ளைகளே பட்டியலில் தேடி, அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் காட்டுவதாக ஏற்பாடு. எழுத்துருவை மாற்றியும் பார்த்துவிட்டேன், பயனில்லை. எப்படி மீட்பது? சீக்கிரம் சொல்லுங்கள்.

அச்சகத்தார் | மாலை 6.22

எழுத்துருச் சிக்கல்தான், சந்தேகமே வேண்டாம். முப்பது வருடமாக அச்சகத்தில் இதைத்தான் பார்க்கிறேன். பிள்ளைகள் பாமினியிலோ வானவில்லிலோ அடித்திருப்பார்கள். உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது. அதை நிறுவினால் தமிழ் திரும்பிவிடும்.

பழுது நீக்குபவர் | மாலை 6.31

பென் டிரைவில் வைரஸ் இருக்கும். பள்ளிக் கணினிகளில் வழக்கமாக நடப்பது. முதலில் அதைச் சோதியுங்கள்.

குறியேற்றம் | மாலை 6.40

டீச்சர், மூன்று விவரம் வேண்டும். எந்த மென்பொருளில் ஏற்றினீர்கள்? கோப்பின் பெயர் எந்த மூன்று அல்லது நான்கு எழுத்தில் முடிகிறது? தெரிவது உண்மையிலேயே கேள்விக்குறியா, வேறு ஏதாவதா?

மூன்றாவதுதான் முக்கியம். வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள், நிறுவினால் போதும். தலைக்கோடு போட்ட சின்ன 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வந்தால், கோப்பு நன்றாக இருக்கிறது, திறந்த முறைதான் தவறு. உண்மையான கேள்விக்குறி என்றால், சேமித்தபோதே தமிழ் எழுத்துகள் தூக்கி எறியப்பட்டுவிட்டன. அந்தக் கோப்பில் மீட்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அச்சகத்தார் ஐயா, பாமினியில் எழுத்துரு போனால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கேள்விக்குறியாக மாறாது.

ஐந்தாம் வகுப்பு டீச்சர் | மாலை 6.58

எக்செல் ஐயா. கேள்விக்குறிதான்.

குறியேற்றம் | இரவு 7.03

எந்தக் கணினியில்? ஆய்வகத்திலா, வீட்டிலா? கடைசியாகச் சேமித்தபோது என்ன வடிவம் தேர்ந்தீர்கள்?

அச்சகத்தார் | இரவு 7.10

பிள்ளைகள் எந்த விசைப்பலகையில் அடித்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். அது தெரியாமல் நாம் பேசுவதில் பொருளில்லை.

நூலகர் 26 ஆண்டு | இரவு 7.35

இந்த இழையைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. விரிதாளில் பெயர்களை வரிசையாக அடிப்பது பட்டியல் ஆகாது, டீச்சர். நூலகவியலின் அடிப்படை தெரிந்த ஒருவரிடம் முதலிலேயே கேட்டிருந்தால் இந்த நிலை வந்திருக்காது. கோஹா என்ற நூலக மென்பொருள் நியூசிலாந்தில் உருவாகி 2000ஆம் ஆண்டிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது, இலவசம். அதில் ஏற்றியிருந்தால் தமிழும் அழிந்திருக்காது, பொருள்வாரியாக நூல்களைப் பிரிக்கும் டூயி தசமப் பகுப்பு எண்ணும் ஒவ்வொரு நூலுக்கும் இருந்திருக்கும். உங்கள் பட்டியலில் பகுப்பு எண் இருக்கிறதா?

ஐந்தாம் வகுப்பு டீச்சர் | இரவு 8.05

தமிழ்99 விசைப்பலகை. 'அம்மா'வுக்கு நான்கே விசை, முதல் 'ம'வுக்குப் புள்ளி தானாக விழுகிறது என்பதால் பிள்ளைகள் ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

ஆய்வகத்தில் மூன்று கணினி, மூன்றிலும் லினக்ஸ், லிப்ரே ஆபீஸ். ஒரு கணினிக்கு ஓர் அலமாரி என்று பிரித்திருந்தோம். மூன்றையும் பென் டிரைவில் எடுத்துவந்து, வீட்டு மடிக்கணினியில் எக்செல் 2010இல் ஒன்றாக ஒட்டினேன். அப்போது தமிழ் நன்றாகத்தான் தெரிந்தது. கைபேசியில் தேடும் செயலிக்கு சிஎஸ்வி (அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு) வேண்டும் என்றார்கள், அப்படிச் சேமித்தேன். ஏதோ எச்சரிக்கை வந்தது, சரி என்று அழுத்தினேன். இரண்டு கோப்பு இருந்தால் குழப்பம் என்று பழையதை அழித்துவிட்டேன். பகுப்பு எண் இல்லை ஐயா, நிற நாடா ஒட்டியிருக்கிறோம்.

குறியேற்றம் | இரவு 8.14

கண்டுபிடித்தாயிற்று. எக்செலின் சாதாரண சிஎஸ்வி, விண்டோசின் பழைய குறியேற்றத்தில், அதாவது எழுத்துகளை எண்களாக மாற்றும் பழைய முறையில், எழுதும். அதில் தமிழுக்கு இடமே இல்லை, எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி போட்டுவிடும். தமிழைக் காக்கும் யூடிஎஃப்-8 என்ற குறியேற்றத்தில் எழுதும் சிஎஸ்வி 2016 பதிப்புக்குப் பிறகுதான் எக்செலில் வந்தது. உங்கள் 2010இல் அந்தத் தேர்வே கிடையாது. லிப்ரே ஆபீசில் சிஎஸ்வியாகச் சேமித்தால் குறியேற்றத்தைக் கேட்கும், யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தால் போதும்.

கேள்விக்குறிக் கோப்பை விட்டுவிடுங்கள். ஆய்வகத்து மூன்று கணினிகளிலும் மூலக் கோப்புகள் அப்படியே இருக்கின்றனவா? பென் டிரைவுக்கு நகலெடுத்தீர்களா, வெட்டி ஒட்டினீர்களா?

பழுது நீக்குபவர் | இரவு 8.20

வைரஸ் என்றது என் தவறு. ஆனால் ஒன்று கேளுங்கள். பென் டிரைவில் அழித்த கோப்பு மறுசுழற்சித் தொட்டிக்குப் போகாது, ஆனாலும் உடனே மறைந்துவிடாது. அதன் இடத்தில் வேறொன்றை எழுதும்வரை அங்கேதான் கிடக்கும். ஆகவே அந்த பென் டிரைவில் இனி எதையும் சேமிக்காதீர்கள். ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவி தோண்டி எடுக்கும். கோப்பின் பெயர் போய்விடும், உள்ளடக்கம் வரும். மீட்டதை வேறு வட்டில் சேமிக்க வேண்டும்.

சிறு பள்ளி நூலகம் | இரவு 8.41

நிற நாடா மிகச் சரி, டீச்சர். மாற்றாதீர்கள். எங்கள் பள்ளியில் டூயி எண் ஒட்டிப் பார்த்தோம். தமிழ் இலக்கியத்துக்கு 894.811. தொடக்கப் பள்ளியில் இருப்பதில் பெரும்பாலும் தமிழ்க் கதைப் புத்தகம், ஆகவே அலமாரி முழுவதும் 894.811 என்றே ஒட்டினோம். எட்டு வயதுக் குழந்தைக்கு அதனால் என்ன தெரியும்? தசமப் புள்ளியே அவர்கள் இன்னும் படிக்கவில்லை.

நூலகர் 26 ஆண்டு | இரவு 9.02

கதைகளுக்கு அப்படித் தோன்றலாம். அறிவு நூல்களுக்கு? விலங்குகள் 590, வானியல் 520. இந்த எண்ணைப் பத்து வயதில் பழகிய குழந்தை நாளை எந்தப் பெரிய நூலகத்திலும் தயங்காமல் நுழையும். நிற நாடா உங்கள் பள்ளி வாசலோடு முடிந்துவிடும். நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் பிறந்த சீர்காழி இருக்கும் மாநிலத்தில் பகுப்பே வேண்டாம் என்று ஆசிரியர்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

சிறு பள்ளி நூலகம் | இரவு 9.19

பகுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரங்கநாதன் 1931இல் தந்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. இங்கே வாசகர் யார்? கூட்டிப் படிக்கும் குழந்தை. சிவப்பு நாடா ஒரு வரிக் கதை, பச்சை நாடா பத்தி பத்தியாக வரும் கதை என்றால் ஒரே பார்வையில் தன் புத்தகத்தை எடுத்துவிடுகிறது. தவிர, டூயி போதாது என்று 1933இல் கோலன் பகுப்பு என்ற தன் முறையை வெளியிட்டவர் பெயரைச் சொல்லி டூயிக்கு வாதாடுகிறீர்களே.

நூலகர் 26 ஆண்டு | இரவு 9.30

கோலன் பகுப்பை நான் தேர்வுக்குப் படித்தவன், எனக்கு விளக்க வேண்டாம். இரண்டையும் வையுங்கள் என்கிறேன். முதுகில் நிறம், உள்ளட்டையில் எண். அறிவு நூல்களுக்கு மட்டுமாவது.

சிறு பள்ளி நூலகம் | இரவு 9.34

அறிவு நூல்களுக்கு என்றால் ஒப்புக்கொள்கிறேன். கோஹாவுக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். மூன்று கணினி உள்ள பள்ளியில் அதை நிறுவி, பராமரித்து, ஆசிரியை இடமாறிப் போனபின் யார் பார்ப்பது?

குறியேற்றம் | இரவு 9.40

இருவரும் தனி இழையில் தொடருங்கள், நானும் வருகிறேன். டீச்சர், ஆய்வகக் கணினிகள் பற்றிக் கேட்டேனே?

அச்சகத்தார் | வியாழன், காலை 7.15

தமிழ்99 என்றால் குறிப்பிட்ட எழுத்துருவை நம்பியிராத யூனிகோடாகவே இருந்திருக்கும். எழுத்துரு என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஐந்தாம் வகுப்பு டீச்சர் | வியாழன், மாலை 4.50

ஆய்வகத்தில் இரண்டு கணினிகளில் கோப்பு இருந்தது. மூன்றாவதில் வெட்டி எடுத்திருக்கிறேன். அந்த அலமாரியில் 41 புத்தகம். நூலகச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துப் பிள்ளைகள் மதியமே திரும்ப அடித்து முடித்துவிட்டார்கள். ஒருவர் வாசிக்க, ஒருவர் அடிக்க, ஒருவர் சரிபார்க்க என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். ஆய்வகத்திலேயே யூடிஎஃப்-8ஆகச் சேமித்தேன், தமிழ் நிற்கிறது. எல்லோருக்கும் நன்றி.

குறியேற்றம் | வியாழன், மாலை 5.05

மிக்க மகிழ்ச்சி. ஒன்று மட்டும் பாருங்கள்: ஐஎஸ்பிஎன் (நூலின் தனி அடையாள எண்) நிரல், அதாவது நெடுவரிசை, வைத்திருக்கிறீர்களா? எக்செல் அந்தப் பதின்மூன்று இலக்கத்தைச் சுருக்கிக் காட்டும், அப்படியே சிஎஸ்வியானால் கடைசி இலக்கங்கள் போய்விடும். சேர்க்கை எண்ணின் முன்னால் உள்ள பூச்சியங்களும் அப்படித்தான். ஏற்றுவதற்கு முன்பே இரு நிரல்களையும் உரை என்று குறித்துவிட வேண்டும்.

சிறு பள்ளி நூலகம் | சனி, காலை 10.20

டீச்சர், நேற்றுக் கூட்டத்தில் பிள்ளைகள் தேடிக் காட்டினார்களா? எங்கள் பள்ளியிலும் தொடங்கலாம் என்று இருக்கிறோம். தலைப்பு, ஆசிரியர், நாடா நிறம் தவிர வேறு என்னென்ன நிரல் வைத்தீர்கள்?